வெள்ளைத் தாளும் விலை குறைந்த மானிட்டரும்

மூன்று வருடம் முன்னால் நடந்தது. கீழக்கரையில் நான் வைத்திருக்கும் சின்ன டிசைன் கடையில் ஒரு நிக்காஹ் பத்திரிகை வேலை. பெண்ணின் அண்ணன் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, இந்தப் பச்சையைக் கொஞ்சம் கூட்டு, அந்தத் தங்கக் கலரைக் கொஞ்சம் இறக்கு என்று ராத்திரி பத்து மணி வரை பார்த்துப் பார்த்துச் செய்ய வைத்தார். ஸ்கிரீனில் மயில் கழுத்து அப்படியே மின்னியது. சிவகாசியில் அடித்து பண்டல் வந்து பிரித்தால் பச்சை கறுத்துப் போய்க் கிடக்கிறது. அவர் ஒரு பத்திரிகையை எடுத்து வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, மயில் கழுத்துக் கலருதானே சொன்னோம், இது மருதாணி காஞ்ச கலரால்ல இருக்கு" என்றார். "இல்ல காக்கா, பிரஸ்லதான் ஏதோ..." என்று இழுத்தேன் (எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்). பிரஸ்காரரிடம் போனில் சண்டையும் போட்டேன். அவர் கோபப்படாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உங்க மானிட்டர்ல பிரைட்னஸ் எவ்வளவு வச்சிருக்கீங்க?"

நூறு. வாங்கின நாளிலிருந்து நூறு.

ஐந்நூறு பத்திரிகையை என் கைக்காசில் திரும்ப அடித்துக் கொடுத்தேன். அந்தக் காசில் இன்னொரு மானிட்டரே வாங்கியிருக்கலாம். ஆனால் இன்னொரு மானிட்டர் வாங்கியிருந்தாலும் அதிலும் நூறுதான் வைத்திருப்பேன், அதிலும் பத்திரிகை கறுத்துத்தான் வந்திருக்கும். மானிட்டர் மேல் தப்பில்லை, அதை நான் ஒரு தடவைகூட செட் பண்ணவில்லை என்பதுதான் விஷயம்.

போன மாதம் மூக்கையூர்ப் பக்கமிருந்து ஒரு தம்பி வந்தான். வள்ளத்தில் போய் மீன் பிடிப்பதை வீடியோ எடுத்துப் போடுகிறவன். "அண்ணே, பத்தாயிரத்துக்குள்ள ஒரு மானிட்டர் சொல்லுங்க, லேப்டாப்ல பாக்குறப்ப கடல் ஒரு கலரு, போன்ல பாக்குறப்ப ஒரு கலரு" என்றான். அவனுக்கு ஒரு சாயங்காலம் முழுக்கச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். பட்ஜெட் மானிட்டர் என்று நான் சொல்வதும் அந்தப் பத்தாயிரத்தை ஒட்டிய சரக்கைத்தான்.

உள்ளே என்ன நடக்கிறது

எல்சிடி மானிட்டருக்குள் பின்பக்கம் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. அதற்கு முன்னால் திரவப் படிகம் என்கிற ஒரு மெல்லிய அடுக்கு. மின்சாரம் கொடுக்கக் கொடுக்க அது ஜன்னல் கதவு மாதிரித் திறந்து மூடி வெளிச்சத்தை விடும், மறிக்கும். அதற்கும் முன்னால் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடிப் பொடிப்பொடிச் சில்லுகள் போல வடிகட்டிகள். மூன்றும் சேர்ந்தால் ஒரு பிக்சல். நம் வீட்டு மானிட்டரில் இப்படி 1920 குறுக்கே, 1080 நெடுக்கே, மொத்தம் இருபது லட்சத்துக்கும் மேல். (இந்தத் திரவப் படிகத்தை முதலில் கவனித்தது எலெக்ட்ரானிக்ஸ்காரர் இல்லை. 1888இல் ஃபிரீட்ரிக் ரைனிட்சர் என்ற ஆஸ்திரியத் தாவரவியல்காரர், கேரட்டிலிருந்து எடுத்த ஒரு பொருளை உருக்கிப் பார்த்தால் அது 145.5 டிகிரியில் ஒரு தடவை கலங்கலாகவும், 178.5 டிகிரியில் இன்னொரு தடவை தெளிவாகவும் உருகியது. அந்தக் கலங்கலான நிலைதான் இன்றைக்கு நம் மேஜை மேல் உட்கார்ந்திருக்கிறது.)

பின்னால் விளக்கு எப்போதும் எரிகிறது என்பதை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். டார்ச் லைட்டை உள்ளங்கையால் பொத்தினால் விரலிடுக்கில் வெளிச்சம் கசிகிறதே, அதே கதைதான். கறுப்பைக் காட்டச் சொன்னாலும் எல்சிடியில் முழுக் கறுப்பு வராது, கொஞ்சம் கசியும். கடையில் பளீர் வெளிச்சத்தில் தெரியாது, ராத்திரி கரண்ட் போய் யுபிஎஸ்ஸில் ஓடும்போது பாருங்கள், கறுப்புத் திரை சாம்பல் பூத்துத் தெரியும். கசிவுக்கும் முழு வெள்ளைக்கும் உள்ள விகிதம்தான் கான்ட்ராஸ்ட். பெட்டியில் எல்இடி மானிட்டர் என்று போட்டிருந்தாலும் அதுவும் எல்சிடிதான், பின்னால் எரிகிற விளக்கு மட்டும் எல்இடி. பழைய மானிட்டர்களில் அந்த இடத்தில் மெல்லிசான டியூப்லைட் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். எல்இடி என்ற பெயருக்காக யாராவது கூடுதல் காசு கேட்டால் சிரித்துவிட்டு நகருங்கள்.

படிகம் எப்படித் திரும்புகிறது என்பதைப் பொறுத்து பேனல் மூன்று ஜாதி. டிஎன் பழசு, விலை குறைவு, வேகம் உண்டு, ஆனால் நேர் எதிரே உட்கார்ந்தால்தான் சரியாகத் தெரியும்; குனிந்து கீழிருந்து பார்த்தால் வெளிச்சமும் இருட்டும் தலைகீழாகிவிடும். விஏ பேனலில் கறுப்பு நன்றாக இருக்கும், கான்ட்ராஸ்ட் 3000க்கு 1 என்ற கணக்கில் வரும், ராத்திரி படம் பார்க்க சுகம். ஆனால் பக்கவாட்டில் நகர்ந்தால் நிறம் வெளுக்கும், இருட்டான காட்சியில் எதாவது ஓடினால் பின்னால் ஒரு இழுவல் தெரியும். ஐபிஎஸ் பேனலில் கான்ட்ராஸ்ட் 1000க்கு 1 சுமார்தான், இருட்டில் மூலைகளில் லேசாக வெளிச்சம் பூத்திருக்கும், ஆனால் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாது. போட்டோ, டிசைன், வீடியோ வேலை என்றால் யோசிக்கவே வேண்டாம், ஐபிஎஸ். என் கடையில் கல்யாண வீட்டிலிருந்து நாலு பேர் வந்து நாலு பக்கமும் நின்றுகொண்டு ஒரே ஸ்கிரீனைப் பார்க்கிறார்கள், டிஎன் வைத்திருந்தால் நாலு பேருக்கும் நாலு பச்சை.

பெட்டியில் எழுதியிருப்பதை எப்படிப் படிப்பது

கான்ட்ராஸ்ட் 1 கோடிக்கு 1 என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அது டைனமிக் கான்ட்ராஸ்ட். முழு இருட்டுக் காட்சி வந்தால் பின் விளக்கைத் தணித்துவிட்டு, முழு வெளிச்சக் காட்சியில் ஏற்றி, இரண்டையும் தனித்தனியாக அளந்து போட்ட கணக்கு. ஒரே படத்துக்குள் அது கிடைக்காது. பொடி எழுத்தில் ஸ்டாட்டிக் அல்லது டிபிகல் என்று பக்கத்தில் ஒரு எண் இருக்கும், அதைப் பாருங்கள். 1 மில்லிசெகண்ட் ரெஸ்பான்ஸ் டைமும் (பிக்சல் ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற எடுக்கும் நேரம்) அந்த மாதிரிதான், பெரும்பாலும் ஒரு தனி மோடைப் போட்டால்தான் வரும், போட்டால் திரை மங்கும். கேம் ஆடாதவர்களுக்கு அந்த எண்ணே தேவையில்லை.

நிறத்துக்கு இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது, 16.7 மில்லியன் கலர் என்று இருக்கும். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படி, மூன்றையும் பெருக்கினால் 1,67,77,216. மலிவான பேனல்கள் சிலவற்றில் உண்மையில் ஒவ்வொன்றுக்கும் 64 படிதான், அதாவது 2,62,144 நிறம். இடைப்பட்ட நிறங்களைப் பக்கத்துப் பக்கத்து இரண்டு படிகளுக்கிடையே வேகவேகமாக மாறி மாறிக் காட்டி நம் கண்ணை நம்ப வைக்கும். பெரிய குற்றமில்லை, நிறைய நல்ல மானிட்டர்களும் அப்படித்தான். சாயங்கால வானம் மாதிரி மெல்ல மெல்ல மாறுகிற நிறத்தில் வரி வரியாகப் பட்டை தெரிகிறதா என்று பார்த்தால் போதும்.

இரண்டாவதுதான் முக்கியம், எஸ்ஆர்ஜிபி எவ்வளவு சதவீதம். 1996இல் எச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து கொண்டுவந்த நிற எல்லை இது, எந்தெந்த நிறம் வரை திரை காட்ட வேண்டும் என்ற கணக்கு. இன்டர்நெட்டில் நாம் பார்க்கிற, போடுகிற படங்களில் பெரும்பகுதி இதைக் கணக்கில் வைத்துத்தான் இருக்கிறது. 99 சதவீதம் என்று இருந்தால் நல்லது. சில கம்பெனிகள் என்டிஎஸ்சி 72 சதவீதம் என்று போடும். குறைவாகத் தெரிகிறதே என்று பயப்பட வேண்டாம், அது பழைய டிவி கணக்கு, 72 என்றால் கிட்டத்தட்ட முழு எஸ்ஆர்ஜிபி. என்டிஎஸ்சி 45 என்று போட்டிருந்தால் மட்டும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள், நிறத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போயிருக்கும். சங்கரா மீன் சிவப்பாக இல்லாமல் செங்கல் பொடியாகத் தெரியும். அந்தத் தம்பியின் லேப்டாப் திரையும் அந்த ரகம்தான் என்பது பிறகு தெரிந்தது. இதை எந்த செட்டிங்காலும் சரிசெய்ய முடியாது. இல்லாத நிறத்தை எங்கிருந்து கொண்டுவருவது.

அளவு 22 அல்லது 24 அங்குலம் போதும். 27 அங்குலத்தில் அதே 1920க்கு 1080 புள்ளியைப் பரப்பினால் அங்குலத்துக்கு 82 புள்ளிதான் வரும், எழுத்தின் ஓரம் பல்லிளிக்கும். 24இல் சுமார் 92, 22இல் 100. பெரிசு வேண்டுமென்றால் புள்ளியும் கூட வேண்டும், அதற்கு விலையும் கூட வேண்டும்.

கேபிள் எச்டிஎம்ஐ. பழைய சிபியூவில் விஜிஏ மட்டும்தான் இருக்கிறது என்றால் படம் லேசாகக் கலங்கித்தான் இருக்கும், மானிட்டரில் ஆட்டோ அட்ஜஸ்ட் பட்டனை ஒருமுறை அமுக்கிவிட்டு மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

கடையில் வாங்கினால் ஒரு பென்டிரைவில் முழுக் கறுப்பு, முழு வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம், நடுச் சாம்பல் என்று ஆறு படத்தைப் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். விண்டோஸில் இருக்கிற பெயின்ட் புரோகிராமில் ரொப்பிச் சேமித்த வெறும் படங்கள்தான். ஒவ்வொன்றையும் முழுத்திரையில் போட்டால் செத்த பிக்சல், எரிந்துகொண்டே இருக்கும் பிக்சல், ஓரத்தில் வெளிச்சக் கசிவு, சாம்பலில் திட்டுத் திட்டாக அழுக்குப் படிந்த மாதிரி இடம் எல்லாம் தெரிந்துவிடும். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். ஒன்றிரண்டு பிக்சல் செத்திருந்தால் மாற்றித் தர மாட்டோம் என்று நிறைய கம்பெனிகளின் வாரண்டியிலேயே எழுதியிருக்கிறது, அதனால் பில் போடும் முன்தான் இதைச் செய்ய வேண்டும். ஆன்லைனில் வாங்கினால் பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து, அன்றைக்கே இந்த ஆறு படத்தையும் போட்டுப் பாருங்கள். வாரண்டி எத்தனை வருடம் என்பதோடு, ஆள் வீட்டுக்கு வருவாரா அல்லது நாம் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்பதையும் கேளுங்கள். தொண்டியிலிருந்தோ சாயல்குடியிலிருந்தோ மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவது என்னவென்று போனவர்களுக்குத் தெரியும்.

ஆபீஸ்களில் கழித்துவிட்ட பழைய மானிட்டர் பாதி விலைக்குக் கிடைக்கும். பின் விளக்கு வருடக்கணக்கில் எரிந்து மங்கி மஞ்சளடித்திருக்கும். பில் அடிக்கிற கவுன்டருக்குப் போதும், கலர் வேலைக்கு வேண்டாம்.

உப்புக்காற்று

இது பெட்டியில் எழுதாத விஷயம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஜன்னலைத் திறந்து வைத்தால் மேஜையில் விரலால் எழுதலாம், அவ்வளவு பிசுபிசுப்பும் பொடி மணலும். ஜன்னல் கம்பியைத் தின்கிற அதே காற்றுதான் மானிட்டரின் பின்னால் இருக்கிற காற்றோட்டத் துளை வழியாகவும் போகிறது. கேபிள் பின்கள் பச்சை பூக்கும், உள்ளே போர்டில் பற்றவைத்த இடங்கள் அரிக்கும். கடல் பார்த்த ஜன்னலுக்கு நேரே மானிட்டரை வைக்காதீர்கள். வேலை முடிந்து, சூடு ஆறின பிறகு ஒரு பருத்தித் துணியைப் போர்த்துங்கள். எரிந்துகொண்டிருக்கும்போது போர்த்தினால் வெந்துபோகும். துடைக்கும்போது முதலில் ஊதியோ மெல்லிய பிரஷ்ஷாலோ பொடியைத் தட்டிவிட்டுப் பிறகு மெத்தென்ற துணி. எடுத்தவுடன் அழுத்தித் துடைத்தால் உப்பும் மணலும் சேர்ந்து திரையில் கோடு போட்டுவிடும். கண்ணாடி துடைக்கிற ஸ்ப்ரே வேண்டாம், மேல்பூச்சு போய்விடும். துணியை லேசாக நனைத்துப் பிழிந்தால் போதும்.

கரண்ட் ஏறி இறங்குகிற ஊரில் எர்த் சரியாக இருக்கிற பிளக்கும் ஒரு யுபிஎஸ்ஸும் கட்டாயம். இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இனி செட் பண்ணுவது

கேலிபிரேஷன் என்றால் மானிட்டரை அழகாகக் காட்ட வைப்பது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். கடையில் வரிசையாக வைத்திருக்கும்போது பக்கத்து மானிட்டரைவிடத் தன்னைப் பார்க்க வைப்பதற்காகவே எல்லா மானிட்டரும் அதிக வெளிச்சத்தோடும், நீலம் பூத்தும் வருகிறது. தராசைச் சரிபார்ப்பது போல இந்த மிகையைத் தட்டி எடுத்து, உள்ளது உள்ளபடி காட்ட வைப்பதுதான் கேலிபிரேஷன். முதல் நாள் திரை மந்தமாகத்தான் தெரியும். என்னடா பழசு மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். இரண்டு நாள் பொறுங்கள், கண் பழகிவிடும், அதன் பிறகு மற்றவர்களின் திரைதான் கண்ணைக் குத்தும்.

தொடங்கும் முன் மானிட்டர் அரைமணி நேரம் எரிந்திருக்க வேண்டும், பின் விளக்கு ஒரு நிலைக்கு வர அவ்வளவு நேரம் ஆகும். மெனுவுக்குள் போய் முதலில் ரீசெட் கொடுங்கள். பிறகு டைனமிக் கான்ட்ராஸ்ட், ஈகோ மோடு, மூவி மோடு, கேம் மோடு, நீலத்தைக் குறைக்கிற கண் பாதுகாப்பு மோடு, எல்லாவற்றையும் அணைத்து யூசர் அல்லது கஸ்டம் என்கிற நிலையில் வையுங்கள். விண்டோஸில் நைட் லைட்டையும் அணையுங்கள். ரெசல்யூஷன் 1920க்கு 1080 என்று மானிட்டரின் சொந்த அளவிலேயே இருக்கட்டும். எச்டிஎம்ஐயில் போட்ட பிறகு கறுப்பு எல்லாம் சாம்பலாகத் தெரிந்தால், கிராஃபிக்ஸ் கார்டு இதை டிவி என்று நினைத்து 0 முதல் 255 வரை அனுப்புவதற்குப் பதில் 16 முதல் 235 வரை அனுப்புகிறது என்று அர்த்தம். கிராஃபிக்ஸ் செட்டிங்கில் ரேஞ்ச் என்று இருக்கும், அதை ஃபுல் என்று மாற்றுங்கள். இது தெரியாமல் மானிட்டரையே மாற்றினவர்கள் உண்டு.

இப்போது பிரைட்னஸ். எல்சிடியில் இந்தப் பட்டன் பின் விளக்கைத்தான் கூட்டிக் குறைக்கிறது. நீங்கள் வழக்கமாக வேலை செய்கிற நேரத்தில், வழக்கமான வெளிச்சத்தில் உட்கார்ந்து, ஒரு வெள்ளை ஏ4 தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரையிலும் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வையுங்கள். திரை டியூப்லைட் மாதிரி எரிந்தால் குறையுங்கள், தாளைவிடச் சாம்பலாகத் தெரிந்தால் கூட்டுங்கள். இரண்டும் ஒன்றுபோலத் தெரியும் இடம்தான் உங்கள் பிரைட்னஸ். பட்ஜெட் மானிட்டர்கள் நூறில் வைத்தால் 250 நிட்ஸ் வரை போகும் (நிட்ஸ் என்பது திரை வெளிச்சத்தை அளக்கிற அலகு). எஸ்ஆர்ஜிபி வகுத்தபோது கணக்கில் வைத்தது 80 நிட்ஸ்தான், அச்சு வேலைக்காரர்கள் பொதுவாக 100, 120 என்று வைப்பார்கள். நூறில் இருக்கிற திரையில் நமக்கு எல்லாமே வெளிச்சமாகத் தெரிவதால், நாம் படத்தை இருட்டாகவே செய்துவிட்டு அழகாக இருக்கிறது என்று அனுப்புகிறோம். தாளுக்குப் பின்னால் விளக்கு கிடையாதே. என் மயில் கழுத்து மருதாணியாக மாறினது இப்படித்தான்.

அறை வெளிச்சம் மாறினால் இந்தக் கணக்கும் மாறும். தனுஷ்கோடி மணலில் மத்தியானம் நின்றுவிட்டு உள்ளே வந்தால் வீடே இருட்டாகத் தெரிகிறதில்லையா. அதனால் என் கடையில் மானிட்டர் இருக்கும் மூலைக்கு மட்டும் ஒரு திரைச்சீலை போட்டு, காலையிலும் சாயங்காலமும் ஒரே மாதிரி வெளிச்சம் இருக்கும்படி ஒரு வெள்ளை பல்பு மாட்டியிருக்கிறேன். மஞ்சள் பல்புக்கடியில் தாளும் மஞ்சளாகத் தெரியும், அதை வைத்துச் சரிபார்த்தால் எல்லாம் கோணலாகும். பின்சுவரில் ரோஸ் கலர், கிளிப்பச்சை பெயின்ட் இருந்தாலும் அதே தொல்லைதான், ஆனால் அதற்காக வீட்டுச் சுவரை மாற்றச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

அடுத்து கான்ட்ராஸ்ட். பெரும்பாலும் கம்பெனி வைத்த இடமே சரி. சரிதானா என்று பார்க்க நீங்களே ஒரு படம் செய்துகொள்ளலாம், இலவசமாகக் கிடைக்கிற கிம்ப் என்ற பட மென்பொருள் போதும். முழு வெள்ளைப் பின்னணியில், அதாவது மூன்றும் 255, அதன் மேல் 252, 248, 244 என்று மூன்று கட்டம். இன்னொரு படத்தில் முழுக் கறுப்பின் மேல் 5, 10, 15, 20 என்று நாலு கட்டம். வெள்ளையில் மூன்று கட்டமும் லேசாகத் தெரிய வேண்டும். தெரியாமல் கரைந்துவிட்டால் கான்ட்ராஸ்ட் அதிகம், தெரியும்வரை குறையுங்கள். வெள்ளைச் சட்டையின் மடிப்பு, மணப்பெண் துப்பட்டாவின் சரிகை வேலை எல்லாம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. கறுப்பில் 10, 15, 20 தெரிந்து, 5 இருக்கிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருந்தால் பட்ஜெட் மானிட்டருக்கு அது நல்ல மார்க். ஷார்ப்னெஸ் என்று ஒன்று இருக்கும், ரீசெட்டில் வந்த இடத்திலேயே விடுங்கள், கூட்டினால் எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு விழும்.

காமா என்ற வார்த்தையைக் கேட்டாலே பயந்துவிடுகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன். கரண்ட் போன வீட்டில் ஒரு மெழுகுவத்தி ஏற்றினால் கூடமே தெரிகிறது. அதே மெழுகுவத்தியை நடுப்பகலில் பாம்பன் பாலத்தில் ஏற்றினால் எரிகிறதா என்றே தெரியாது. வெளிச்சம் கூடினது ஒரே அளவுதான், ஆனால் கண்ணுக்கு இருட்டுப் பக்கம் வித்தியாசம் பெரிதாகவும் வெளிச்சப் பக்கம் சிறிதாகவும் படுகிறது. அதனால் கையில் இருக்கிற 256 படியில் இருட்டுப் பக்கத்துக்கு நிறையப் படியை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். 128 என்கிற நடு எண்ணுக்குத் திரை பாதி வெளிச்சம் தருவதில்லை, சுமார் 22 சதவீதம்தான் தரும். உண்மையான பாதி வெளிச்சம் 186இல்தான் வருகிறது. இந்த வளைவுக்குப் பெயர்தான் காமா, நமக்கு வேண்டியது 2.2. மானிட்டரின் வளைவு இதைவிடக் குறைந்தால் படம் வெளுத்துச் சாயம் போன மாதிரி இருக்கும், கூடினால் நிழல் பகுதி எல்லாம் கரி மூட்டம் போட்ட மாதிரி மூடிக்கொள்ளும்.

இதைக் கருவியில்லாமல் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. கிம்ப்பில் ஒரு பிக்சல் உயரத்துக்கு ஒரு கறுப்புக் கோடு, ஒரு வெள்ளைக் கோடு, மறுபடி கறுப்பு என்று படுக்கைக் கோடுகளால் ஒரு கட்டத்தை நிரப்புங்கள். பாதி இடம் வெள்ளை, பாதி கறுப்பு என்பதால் இது தருவது சரியாகப் பாதி வெளிச்சம். அதன் நடுவில் 186 என்கிற சாம்பலால் ஒரு வட்டம். படத்தை நூறு சதவீத அளவில் வைத்து, விண்டோஸ் ஸ்கேலிங்கும் நூறில் இருக்க, நாலடி பின்னால் நகர்ந்து கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். வட்டம் சுற்றியுள்ள கோட்டோடு கலந்து மறைந்தால் காமா 2.2 பக்கத்தில் இருக்கிறது. வட்டம் இருட்டாகத் தெரிந்தால் காமா கூட, வெளிச்சமாகத் தெரிந்தால் குறைவு. மானிட்டர் மெனுவில் காமாவுக்கு இரண்டு மூன்று நிலை இருக்கும், எதில் வட்டம் அதிகம் மறைகிறதோ அதை வையுங்கள். என் மகள் இதைப் பார்த்துவிட்டு மந்திரம் என்றாள், நான் மறுக்கவில்லை.

கடைசியாக நிறம். வெள்ளை என்பது எது என்பதற்கு எல்லோரும் ஒத்துக்கொண்டிருக்கும் கணக்கு 6500 கெல்வின், பகல் வெளிச்சத்தை ஒட்டியது. மெனுவில் கூல், நார்மல், வார்ம் என்று இருக்கும். கூல் நீலமடிக்கும். 6500 என்று எழுதியே இருந்தால் அதை எடுங்கள், இல்லையென்றால் நார்மலிலும் வார்மிலும் எது பகல் வெளிச்சத்தில் பிடித்த தாளோடு ஒத்துப்போகிறதோ அது. அதிலும் சாயம் அடித்தால் யூசர் கலரில் சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக இருக்கும். கறுப்பிலிருந்து வெள்ளை வரை மெல்ல மாறுகிற சாம்பல் பட்டையைப் போட்டு, அதில் எந்த நிறம் தலைகாட்டுகிறதோ அதைக் குறையுங்கள். கூட்டாதீர்கள். மூன்றும் உச்சத்தில் இருக்கும்போது ஒன்றைத் தள்ளிக் கூட்டினால் வெளிச்சப் பகுதியில் அந்த நிறம் முட்டிக்கொண்டு நின்றுவிடும். இதைப் பத்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து செய்யவும் கூடாது, பார்த்துக்கொண்டே இருந்தால் எந்தச் சாயத்தையும் கண் வெள்ளை என்று ஒத்துக்கொண்டுவிடும். எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள், முதல் பார்வையில் என்ன தோன்றுகிறதோ அதுதான் உண்மை.

விண்டோஸிலும் இதே வேலைக்கு ஒரு கேலிபிரேஷன் கருவி இருக்கிறது, தேடல் பெட்டியில் டிஸ்ப்ளே கலர் என்று தேடினால் வரும். ஆனால் மானிட்டர் மெனுவில் முடிந்தவரை செய்துவிட்டு மிச்சத்தைத்தான் அங்கே செய்ய வேண்டும். கம்ப்யூட்டர் பக்கம் திருத்தும்போது இருக்கிற 256 படியிலேயே சிலதை விட்டுக்கொடுத்துத்தான் திருத்துகிறது, அதிகம் திருத்தினால் வானம் பட்டை பட்டையாக உடையும். இன்டர்நெட்டில் அதே மாடல் மானிட்டருக்கு யாரோ செய்து போட்ட புரொஃபைலை, அதாவது கலர் திருத்தக் கணக்கு இருக்கிற ஃபைலை, எடுத்துப் போடுவதும் வேண்டாம். ஒரே மாடல், ஒரே வாரம் செய்த இரண்டு மானிட்டர்கூட ஒரே மாதிரி இருக்காது. அடுத்தவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொள்வது போலத்தான்.

கண்ணால் செய்வதில் வெளிச்சமும் காமாவும் ஓரளவு சரியாக வந்துவிடும், நிறம் மட்டும் குத்துமதிப்புதான். அதற்கு மேல் வேண்டுமென்றால் கலரிமீட்டர் என்கிற கருவி, திரை மேல் தொங்கவிட்டால் ஒவ்வொரு நிறமாக அளந்து புரொஃபைல் எழுதித் தரும். ஸ்பைடர், கேலிபிரைட் என்று சில பிராண்டுகள் இருக்கின்றன, அளக்க ஆர்கில் சிஎம்எஸ் என்ற இலவச மென்பொருளும் இருக்கிறது. மானிட்டர் விலைக்கே இந்தக் கருவியும் வரும் என்பதால் ஒரு கடைக்காரர் தனியாக வாங்குவது வீண் என்பது என் கருத்து. நாங்கள் மூன்று ஸ்டுடியோக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம், சுற்றிக்கொண்டே இருக்கும். அச்சு வேலைக்கு அதுவும் முழுசாகக் காப்பாற்றாது. திரையில் மின்னுகிற சில நீலமும் பச்சையும் மையில் கிடையவே கிடையாது. அதனால் இப்போதெல்லாம் பிரஸ்ஸிலிருந்து ஒரு மாதிரிப் பிரதி வாங்கி, அதைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் மொத்தத்துக்கும் சரி சொல்கிறேன்.

அந்தத் தம்பி 24 அங்குல ஐபிஎஸ் ஒன்று வாங்கிவிட்டான். செட் பண்ணிய மறுநாள் போன் போட்டு, "அண்ணே, நான் இதுவரை போட்ட வீடியோல கடல் எல்லாம் நீலம் டப்பா கவுந்த மாதிரில்ல இருக்கு" என்றான். பழைய திரையில் நிறம் போதவில்லை என்று ஒவ்வொரு வீடியோவிலும் நீலத்தைக் கூட்டிக் கூட்டி வைத்திருந்திருக்கிறான்.

ஒரு வேலை பாக்கி. எல்லாம் முடிந்ததும் மெனுவில் இருக்கிற எண்களை ஒரு சீட்டில் எழுதி, தேதி போட்டு, மானிட்டரின் பின்னால் ஒட்டுங்கள். வீட்டுப் பிள்ளைகள் பட்டனை நோண்டுவார்கள், ரீசெட் தெரியாமல் அமுங்கிவிடும். பின் விளக்கும் நாளாக நாளாக மங்கும், அதனால் மாதம் ஒரு தடவை அந்த ஏ4 தாளை எடுத்துப் பிடித்துப் பாருங்கள். என் சீட்டில் இப்போது பிரைட்னஸ் 28, கான்ட்ராஸ்ட் 70, சிவப்பு 100, பச்சை 96, நீலம் 91 என்று இருக்கிறது. இதை அப்படியே உங்கள் மானிட்டரில் போட்டுவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.